எங்கள் சிலிங்குக்கு வேர்த்த கதை

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பயம் வந்தால் படிக்க ஆரம்பித்துவிடுவேன். யாழினி வயிற்றில் இருந்தபோது ஜார்ஜ்டவுனில் சொந்த வீடு கட்டிக்கொண்டிருந்தோம். அந்த மாதங்களில் பிரசவத்தைப் பற்றிப் படித்ததைவிடக் கூரையைப் பற்றிப் படித்ததுதான் அதிகம்.

குழந்தையின் அறை சரிவுக் கூரைக்கு நேர் கீழே. அறையின் உள்கூரையான சிலிங்குக்கும் மேலே ஓட்டுக்கும் நடுவே ஒரு முக்கோணப் பொந்து. அதன் ஓரத்தில் பல்லிகூடக் குனிந்துதான் போக வேண்டும். வெயில் இறங்காதிருக்க அங்கே பஞ்சு விரிக்க வேண்டும். பஞ்சுக்கு அடியில், அறைப் பக்கமாக, பிளாஸ்டிக் தாள் போட்டால் ஈரம் சேராது என்றது நான் படித்த இணையப் பக்கம். (பக்கத்தின் உச்சியில் பனி மூடிய வீட்டின் படம். எவ்வளவு அழகு என்றுதான் எனக்குத் தோன்றியது.)

கூரை போட்ட முனியாண்டி அண்ணனிடம் கேட்கக்கூட இல்லை. அவர் வேலையை முடித்துப் போனதும் என் கணவர் குணாவைப் பஞ்சும் பிளாஸ்டிக்கும் விரிக்கப் பொந்துக்குள் அனுப்பிவிட்டு, அந்த இணையப் பக்கத்தை அச்செடுத்து மஞ்சள் கோடு போட்ட தாளைக் கீழே நின்று வாசித்தேன்.

"இன்னும் ஓரமா போங்க."

"ஓரமா போனா நான் இங்கயே குடியிருக்க வேண்டியதுதான்."

யாழினி பிறந்தாள். வேர்க்குருவுக்குப் பயந்து ஏர்கோனைப் பதினெட்டு டிகிரியில் வைத்தேன். மூன்றாம் வாரம் தொட்டிலுக்கு அருகே ஒரு சொட்டு விழுந்தது. மேலே காப்பி நிறத்தில் ஒரு கறை. கூரை ஒழுகினால் இங்கே மலாயில் அதற்குப் பெயர் 'போச்சோர்'. முனியாண்டி அண்ணனுக்கு ஃபோன் செய்தேன். செபராங் ஜெயாவிலிருந்து பாலம் தாண்டி வந்தவர், ஓடுகளைத் தட்டிப் பார்த்து, ஒன்றுமில்லை என்றார். மறுவாரம் மீண்டும் வரவழைத்தேன். மூன்றாம் முறை என் குரலே எனக்கு அந்நியமாக இருந்தது.

"புள்ள தலையில சிலிங் விழுந்தா யாரு அண்ணே பதில் சொல்றது?"

"முப்பது வருசமா கூரை போடுறேன் தங்கச்சி. போச்சோர்னு பேர் வாங்குனதில்ல."

குழாயை எடுத்து, கூரை முழுக்க ஒரு மணி நேரம் தண்ணீர் அடித்தார். உள்ளே ஒரு சொட்டு இல்லை. களைத்து வந்தவரை அந்த அறையிலேயே உட்காரவைத்து, ஏர்கோனைப் போட்டு, ஐஸ் தண்ணீர் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் அவர் வழுக்கையில் சரியாக ஒரு சொட்டு விழுந்தது.

அவர் மேலே பார்த்தார். பிறகு கையிலிருந்த கிளாஸைப் பார்த்தார். வெளிப்புறமெல்லாம் முத்து முத்தாகத் தண்ணீர்.

"தங்கச்சி, இந்தக் கிளாஸ் போச்சோரா?"

"இல்லண்ணே."

"அப்ப வெளிய தண்ணி எப்படி வந்துச்சு? ஒங்க சிலிங்குக்கு வேர்க்குதுமா. மேல என்னத்த போட்டீங்க?"

குணா சட்டென்று ஜன்னலை ஆராயத் தொடங்கினார். நான் மஞ்சள் கோட்டுத் தாளை நீட்டினேன். பனி வீட்டை அண்ணன் வெகுநேரம் பார்த்தார்.

"இவங்களுக்கு வெளிய குளிரு, உள்ள சூடு. நமக்கு உள்ளதான் குளிரு. வெளிச் சூட்டு ஈரம் மேலேருந்து இறங்கி, குளுந்த பிளாஸ்டிக்குல பட்டு வேர்க்குது. இந்தத் தாள தலைகீழா படிச்சிருக்கணும் லா."

மன்னிப்புக் கேட்டேன். அண்ணன் இன்னொரு கிளாஸ் ஐஸ் தண்ணீர் கேட்டார். பிளாஸ்டிக்கை உருவி, நனைந்த பஞ்சை வீசி, வெள்ளித்தாள் ஒட்டிய புதுப் பஞ்சை, தாள் பக்கம் மேலே ஓடுகளைப் பார்க்கும்படி விரித்தார். ஏர்கோனை இருபத்தாறுக்கு ஏற்றி, ரிமோட்டைக் குணாவின் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

யாழினிக்கு இப்போது ஆறு வயது. தொட்டில் போய்விட்டது. கறையின் மேல் மட்டும் சாயம் பூச எனக்கு மனம் வரவில்லை. நேற்று விருந்தினர் முன்னால் குளிர்ந்த கிளாஸை வைத்தேன். யாழினி அதை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, வெகு கவலையாகச் சொன்னாள்:

"அம்மா, கிளாஸ் போச்சோர். முனியாண்டி மாமாவுக்குக் கால் பண்ணுங்க."