நியூரானந்தரின் தொப்பி

மண்டையைத் திறக்காமலே மூளையைப் படிக்கும் மகான் ஊருக்கு வந்துவிட்டார். தலைக்குக் கம்பி வைத்த தொப்பி, மேசைமேல் ஒரு பெட்டி, பெட்டிக்குள் கரகரவென்று சத்தம். அதுதான் நரம்பணுக்கள் பேசுவதாம். ஜனங்கள் அவருக்கு நியூரானந்தர் என்று பெயர் சூட்டிவிட்டார்கள். வரிசை மாடிப்படி இறங்கி, மருந்துக்கடையைத் தாண்டி, பேருந்து நிறுத்தத்தையும் விழுங்கியிருந்தது. பேருந்துக்கு நின்றவர்கள்கூட மூளையைக் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்கள்.

அந்த வரிசையில் அக்காவுக்குத் துணையாக அடியேனும் நின்றேன். என் தொழில் என்ன தெரியுமா? குரங்கு மூளையில் நரம்பணுக்கள் எப்படிச் சேதி சொல்கின்றன என்று ஆராய்வது. சிரியுங்கள், பரவாயில்லை.

அக்கா கணவருக்குப் பக்கவாதம். அதற்குப் பிறகு மாமாவின் வாயில் மிஞ்சியது ஒரே சொல்: "சும்மா." பசித்தாலும் சும்மா, வலித்தாலும் சும்மா. பேச்சுப் பயிற்சியை விடாமல் செய்தால் மற்றச் சொற்களும் திரும்பலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். மகானோ முதல் நாளே கண்ணை மூடிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்:

"பயிற்சி வேணாம்னு அவர் நியூரான் கதறுதும்மா. அவர் நினைக்கிறதை வாராவாரம் நானே சொல்லிடறேன்."

அக்கா என்னைப் பார்த்தாள். "நீதான் படிச்சவன். நிறுத்திடலாமாடா?"

தொப்பி வழியாக ஒற்றை நரம்பணுவின் குரல் கேட்காது என்பது எனக்குத் தெரியும். ஆனால் என் தொழிலை அக்கா முன்பே சொல்லிவைத்திருந்தாள்; மகான் முந்திக்கொண்டு, "இதோ, உலகம் போற்றும் குரங்கு மூளை நிபுணர்!" என்று என்னைக் கைகாட்டிவிட்டார். கூட்டம் கைதட்டியது. ஆய்வகத்தில் எனக்கு யாரும் கைதட்டியதில்லை; குரங்கு துப்பியிருக்கிறது. "சத்தம் அசல்தான்க்கா," என்றேன். பயிற்சி நின்றது.

குரங்கின் நரம்பணுக்கள் ஒன்றையே சேர்ந்து சொல்லும். மனிதனுடையவை ஆளுக்கொன்று சொல்லும். அதனால் நமக்குத் திறமையும் அதிகம், தடுமாற்றமும் அதிகம் என்று எங்கள் துறையில் ஒரு கருத்து உண்டு. அன்று அதற்கு நானே சாட்சி.

அடுத்த வாரம் மாமா "சும்மா" என்றார். பெட்டி கரகரத்தது. மகான் உருகினார்: "'கண்ணே, உன்னை விட்டா எனக்கு யாரு'ங்கறார்!"

அக்காவின் முகம் மாறியது. "கண்ணேயா? கல்யாணமான நாள்லேர்ந்து 'இந்தா'ன்னு தவிர வேற எப்படியும் கூப்பிட்டதில்லையே இந்த மனுஷன்!" என்று என் காதைக் கடித்தாள். பிறகு மகானிடம் பணிவாக, "சாமி, கூட்டத்தைப் பார்த்து இவருக்குக் கூச்சம். திரையை இழுத்துக்கறேன்," என்றாள். திரைக்குப் பின்னால் மாமாவின் தொப்பியைக் கழற்றி, முதுகுக்கு வைத்திருந்த தலையணைக்கு மாட்டினாள்.

"ம், இப்ப கேளுங்க சாமி."

"'கண்ணே, பயிற்சி வேணாம், களைப்பா இருக்கு'ங்கறார்!"

அக்கா திரையை விலக்கினாள். தொப்பி போட்ட தலையணை சாதுவாக உட்கார்ந்திருந்தது. மாமா அதைப் பார்த்தார், மகானைப் பார்த்தார், வயிறு குலுங்கச் சிரித்து, "சும்மா!" என்றார். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

"தலையணையிலயும் தலையோட நினைவு தங்கும்!" என்று சமாளித்தார் மகான். முன்வரிசையில் இரண்டு பேர் "ஆமாமா" போட்டார்கள். அக்கா பெட்டியின் மூடியைத் திறந்தாள். உள்ளே, நிலையம் பிடிக்காத ஒரு பழைய வானொலி.

"இதாடா உன் அசல் சத்தம்?" என்றாள். பிறகு மாமாவின் சக்கர நாற்காலியைத் திருப்பினாள். "வாங்க, பயிற்சிக்கு நேரமாச்சு."

என் ஆய்வகக் குரங்கிடம் வேர்க்கடலையைக் கைக்குள் ஒளித்தால், அது என் விரல்களைப் பிரித்துப் பார்க்கும், ஒருநாளும் கைதட்டியதில்லை. நமக்கு அதைவிட மூளை பெரிது, ஐயா. பெட்டியைத் திறந்து பார்க்கவும் அதைக் கொஞ்சம் செலவழிக்கலாமே!