ஒன்றை அமுக்கினால் மோட்டார் ஓடும்

சேத்தூர்,
புரட்டாசி 9, வியாழக்கிழமை.

ராணுவத்தில் ஹவில்தாராகவும் என்னிடத்தில் கோபக்காரனாகவும் இருந்துவரும் அன்பு மாப்பிள்ளை பாண்டிதுரைக்கு, உன் அக்காள் மாரிக்கனியின் வீட்டுக்காரனும் ஓய்வுபெற்ற ஏட்டுமான மலைச்சாமி ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது.

இவ்விடம் நான் நலம், மாடு நலம், தென்னை நலம். மோட்டாரும் நலம். தேவைக்கு மேலேயே நலமாக இருக்கிறது, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதமே. அவ்விடம் உன் உடம்பு எப்படி, பனி விழ ஆரம்பித்துவிட்டதா, கம்பளி போதுமா என்று அறிய ஆவல். போனில் கேட்கலாம் என்றால் நீ எடுப்பதில்லை. உன் அக்காளின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து பஸ் ஏறினவன், இந்த ஐந்து மாதத்தில் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. தபாலைக் கட் பண்ண பட்டன் கிடையாது பார், அதனால் எழுதுகிறேன். பதினொரு வருடம் ஸ்டேஷன் ரைட்டராக இருந்தவனின் கையெழுத்து, கிழித்துப் போட உனக்கு மனம் வராது.

நீ போகும்போது என்னிடம் பேசாவிட்டாலும் சாமான்களைக் கொடுத்துவிட்டுத்தான் போனாய், அதை மறுக்கவில்லை. சொம்பு உயரத்தில் ஒரு ஸ்பீக்கரை டிவிக்குப் பக்கத்தில் வைத்து, வயரே இல்லாமல் ப்ளூடூத்தில் என் போனோடு சேர்த்துவிட்டாய். டிவி ரிமோட்டையும் அதே போனுக்குள் ஏற்றிவிட்டாய். "வீடு சத்தமில்லாமக் கெடந்தா மச்சானுக்குக் கிறுக்கு புடிச்சிரும், பாத்துக்க" என்று அடுத்த வீட்டு ஈஸ்வரியிடம் சொன்னாயாம், என்னிடம் சொல்லவில்லை. சத்தத்துக்குக் குறைவில்லை மாப்பிள்ளை. மறுவாரமே சட்டைப்பையில் அந்தப் போனை வைத்துக்கொண்டு ஹபீப் ரகுமான் டீக்கடையில் உட்கார்ந்தேன், கிரிக்கெட்டில் கடைசி ஓவர், கடை டிவி பொசுக்கென்று அணைந்தது, போட்டால் மறுபடியும் அணைந்தது, நாலாவது தடவை எவனோ "துக்க வீட்டு ஆளு உள்ள இருக்காரு, அதான்" என்று முணுமுணுத்தான், நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன், எழுந்ததும் டிவி சரியாகிவிட்டது. வீட்டுக்கு வந்து பார்த்தால் பையிலிருந்த போனில் ரிமோட் திறந்து கிடக்கிறது, என் கண்ணாடிக்கூடு அதை அமுக்கிக்கொண்டே இருந்திருக்கிறது. இதை நான் போய் விளக்கவில்லை. விளக்கினால் யார் நம்புவார்கள்.

ஸ்பீக்கர் அதைவிட மோசம். ஈஸ்வரி ஒரு நாள் பாட்டுப் போடுகிறேன் என்று தன் போனை அதில் சேர்த்திருக்கிறாள், அதிலிருந்து அவள் சுவருக்கு அந்தப் பக்கம் நடந்தால் இந்தப் பக்கம் ஸ்பீக்கர் விழித்துக்கொள்ளும். ஒரு மத்தியானம் சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கிறேன், திடீரென்று வீட்டு நடுவில் ஈஸ்வரியின் குரல், அவள் தங்கச்சியிடம் பேசுகிறாள்: "அம்புட்டு வருசம் குடும்பம் நடத்துன மனுசன், ஒரு சொட்டுக் கண்ணீர் விடலட்டி. கல்லு மாதிரி உக்காந்திருந்தாரு." எழுந்து போய் அணைக்க வேண்டியவன், முழுவதையும் கேட்டுவிட்டுக் கை கழுவினேன். அவள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

இப்போது மோட்டாருக்கு வருகிறேன். நடந்ததை உள்ளது உள்ளபடி எழுதுகிறேன், குற்றம் என்பேரில் இருப்பதால் அதையும் சேர்த்தே எழுதுகிறேன். போன கார்த்திகை லீவில் நீ வந்து கிணற்று மோட்டாருக்கு சிம் கார்டு போட்ட ஸ்டார்ட்டரை மாட்டினாய். த்ரீ பேஸ் கரண்ட் வந்ததும் அதுவே போன் பண்ணும், ஒன்றை அமுக்கினால் மோட்டார் ஓடும், இரண்டை அமுக்கினால் நிற்கும், எந்த ஊரிலிருந்தும் அமுக்கலாம் என்றாய். முதல் நம்பராக உன் அக்காள் நம்பரையும், இரண்டாவதாக என் நம்பரையும் பதிந்தாய். "இனிமே உச்சி வெயில்ல நடக்காத அக்கா, வீட்ல இருந்தே அமுக்கு" என்றாய். அவள் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தாள். நீ ஊருக்குப் போன மறுநாள் நான் மேற்படி ஸ்டார்ட்டர் பெட்டியின் சுவிட்சை ஆட்டோவிலிருந்து மேனுவலுக்குத் திருப்பினேன். "சிம்மை நம்பி மோட்டாரை விட்டா உள்ள சுத்தியிருக்க காயிலு வெந்து போகும். நேர்ல போய்ப் போடு, ஒனக்கு என்ன வேல கெடக்கு" என்று அவளிடம் சொன்னேன். எனக்கு முழங்கால் வலி, ஆகவே அவள்தான் போனாள். பங்குனி இருபதாம் தேதியும் பதினொன்றரைக்குக் கரண்ட் வந்ததும் போனாள், வாய்க்கால் ஓரத்திலேயே விழுந்துவிட்டாள். காலில் செருப்பில்லை. நீ தீபாவளிக்கு வாங்கிக் கொடுத்த செருப்பு, அழுக்காகிவிடும் என்று டப்பாவிலேயே இருந்தது. பதினாறாம் நாள் நீ தோட்டத்துக்குப் போய் அந்தச் சுவிட்சை ஆட்டோவுக்குத் திருப்பி வைத்தாய். திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாய். அதன் பிறகு பேசவில்லை.

வைகாசி ஏழாம் தேதி, புதன்கிழமை. அதுவரை கரண்ட் வந்தால் ஸ்டார்ட்டர் எனக்கு அடிக்கும், நான் அமுக்குவேன், அப்புறம்தான் மோட்டார் ஓடும். அன்று பதினொன்றரைக்கு நான் கூழ் கரைத்துக்கொண்டிருக்கிறேன், போன் அறைக்குள் சார்ஜில் கிடந்து அடிக்கிறது. எடுத்தால் ஸ்டார்ட்டரில் இருக்கும் அந்தப் பெண் குரல், "உங்கள் தோட்டத்து மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது" என்கிறது. நான் எதையும் அமுக்கவில்லை. கம்பை எடுத்துக்கொண்டு போனேன். உச்சி வேளை, தோட்டத்தில் ஒரு காக்கை கூட இல்லை, குழாயில் தண்ணீர் கொட்டுகிறது. தண்ணீர் தென்னை வரிசையில் மேற்கு மூலை வரைக்கும் சேதாரம் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. மடை திருப்பியிருந்தது. நனைத்த சாக்கை நாலாக மடித்து வாய்க்காலில் வைத்து, அதன்மேல் தென்னை மட்டையைக் குறுக்கே போட்டு அடைத்திருந்தது. நானாக இருந்தால் மண்ணை வெட்டிப் போடுவேன். சாக்கும் மட்டையும் உன் அக்காள் அடைக்கிற விதம். முந்தின நாள் நானே அப்படிச் செய்து மறந்திருப்பேன், வயசாச்சுல்லா, என்று என்னைச் சமாதானம் செய்துகொண்டேன். அடுத்து வந்த கரண்டுக்கும் இப்படியே ஓடியது. அதற்கடுத்ததற்கும்.

பிறகு தனியே போக ஒருமாதிரியாக இருந்ததால் ஸ்பீக்கரையும் கையில் தூக்கிக்கொண்டு போக ஆரம்பித்தேன். ஊரில் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், சிரிக்கட்டும். ஆவணி முதல் வாரம் அதை மோட்டார் ரூம் படியில் வைத்து, பாட்டுப் போடலாம் என்று போனில் ப்ளூடூத்தைத் திறந்தால், பக்கத்தில் உள்ளவை என்று பேர்களைக் காட்டுகிறது. ஸ்பீக்கர் பேர் இருந்தது. அதற்குக் கீழே மாரிக்கனி என்று இருந்தது. நீ பதிந்து கொடுத்த அதே எழுத்து. மாப்பிள்ளை, அந்தப் போன் எங்கே இருக்கிறது என்று உனக்கும் எனக்கும்தான் நன்றாகத் தெரியும். "போன் இல்லாம அக்கா எங்க போயிருக்கா, இருக்கட்டும்" என்று நீதான் அவள் இடுப்புச் செருகலில் வைத்தாய். மோட்டார் ரூமுக்கு மேற்கே இருபது அடியில், நம் தோட்டத்து மண்ணுக்குள் அவளோடு இருக்கிறது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஸ்பீக்கர் டொய்ங் என்றது, யாரோ சேர்ந்துவிட்டார்கள் என்று அதற்கு அர்த்தம். பாட்டு வரவில்லை. வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும் அதில் கேட்டது. வாய்க்காலைப் பார்த்தேன். கரண்ட் போய் அரைமணி ஆகி, அது காய்ந்து கிடந்தது. முப்பத்திரண்டு வருடம் போலீசில் இருந்தவன், ஸ்பீக்கரைப் படியிலேயே விட்டுவிட்டு வீடு வந்துதான் நின்றேன். முழங்கால் வலி அன்றைக்கு எங்கே போனதோ தெரியாது.

மறுநாளே ராஜபாளையம் போய், செல்போன் கடை சேக் முகைதீனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்காமல் கேட்டார், அந்த மரியாதைக்கே அவர் நன்றாக இருக்க வேண்டும். "ஏட்டய்யா, போனு பழைய ஜோடிப் பேரை மறக்காது. ஆளு இல்லாட்டியும் பேரைக் காட்டிக்கிட்டுத்தான் இருக்கும். தண்ணிச் சத்தமெல்லாம் ஸ்பீக்கர் கரகரப்பு. பயப்படாதிய" என்றார். மோட்டார் எப்படி ஓடுகிறது என்றேன். "ஸ்டார்ட்டர்ல கடேசியா எந்த நம்பர்ல இருந்து அமுக்கியிருக்குன்னு காட்டும், அதைப் பாத்துட்டு வாங்க" என்றார். வந்து பார்த்தேன். உன் அக்காள் நம்பர். அதை ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். திரும்ப அவரிடம் போனால், "ரீசார்ஜ் பண்ணாத நம்பரை மூணு நாலு மாசத்துல வேற ஆளுக்குக் குடுத்துருவாக. எதுக்கும் ஒரு போனைப் போட்டுப் பாருங்க" என்றார். கடை வாசலில் நின்று போட்டேன். மூன்றாவது மணியில் ஒரு பொம்பிளை எடுத்து "யாரு" என்றாள். "சாப்ட்டியா" என்று கேட்டுவிட்டேன். "சாப்ட்டேன், நீங்க யாரு" என்றாள். குரல் வேறு. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. மூச்சு வந்த கையோடு ஏமாற்றமாகவும் இருந்தது, அதை உன்னிடம் மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

போனிலேயே அவள் ஊரைக் கேட்டுக்கொண்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் போய் அங்கிருந்து பஸ் மாறி வன்னியம்பட்டிக்குப் போனேன். அவள் பேர் மாடத்தி, இரண்டு கறவை மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவள், என்னைவிடப் பத்து வயது குறைவு. போனை என் முன்னால் வைத்துவிட்டுத் திருடிப் பிடிபட்டவள்போல உட்கார்ந்தாள். "ஆடிப்பெருக்கு அன்னைக்கு வாங்குன சிம்மு அண்ணாச்சி. மறுநாளே ஒரு பொம்பள போன் பண்ணி, உங்கள் தோட்டத்துக்குக் கரண்ட் வந்துருக்கு, ஒன்னை அமுக்குங்கன்னுச்சு. எங்களுக்கு ஒரு சென்டு நெலம் கெடையாது. எனக்குன்னு ஒருத்தி தெனமும் உங்கள் தோட்டம், உங்கள் தோட்டம்னு சொல்லுதா. கேக்க நல்லாருந்துச்சு. யாரு பயிரோ, தண்ணி குடிக்கட்டும்னு அமுக்குனேன். தப்பா அண்ணாச்சி?" என்றாள். தப்பில்லை தாயி என்றேன். மோர் கொடுத்தாள், குடித்தேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதேன். ஈஸ்வரியிடம் சொல்ல வேண்டாம், இது உனக்கு மட்டும்.

ஆக மாப்பிள்ளை, பேயும் இல்லை பிசாசும் இல்லை, எல்லாம் கம்பெனிக்காரன் நம்பரை மாற்றிக் கொடுத்ததால் வந்த வினை. அடுத்த லீவில் நீ வந்து அந்த முதல் நம்பரை ஸ்டார்ட்டரிலிருந்து எடுத்துவிட வேண்டும், அந்தப் பொம்பிளைக்குத் தொந்தரவு வேண்டாம். எனக்கு எடுக்கத் தெரியாது. தெரிந்தாலும் அவள் நம்பரை என் கையால் எடுக்க முடியாது. வரும்போது என்னிடம் பேசவும் வேண்டும். சுவிட்சைத் திருப்பியவன் நான். அந்த வெயிலில் நான் போயிருக்க வேண்டும். ஸ்டேஷனில் எத்தனையோ பேரிடம் ஒப்புதல் வாக்குமூலம் எழுதி வாங்கியிருக்கிறேன், என்னுடையதை எழுத ஐந்து மாதம் ஆகிவிட்டது. இதை நீ வாசித்து வாங்கிக்கொண்டால் போதும்.

உன் பெண்டாட்டி பிள்ளைகளுக்கு என் ஆசி. உன் மேலதிகாரிகளுக்கு ஒரு பழைய போலீஸ்காரனின் சல்யூட். பனியில் காதை மூடிக்கொள், நம் குலசாமி உன் துப்பாக்கிக்கு முன்னால் நிற்கட்டும்.

இப்படிக்கு,
உன் மச்சான்,
மலைச்சாமி.

பின்குறிப்பு: கவரை ஒட்டி இரண்டு நாள் கழித்துப் பிரித்து எழுதுகிறேன். ரைட்டர் புத்தி, அனுப்புமுன் தேதிகளைச் சரிபார்த்தேன். மாடத்தி சிம் வாங்கியது ஆடி பதினெட்டு. மோட்டார் தானாக ஓட ஆரம்பித்தது வைகாசி ஏழு. நடுவில் இரண்டரை மாதம் அந்த நம்பர் யாரிடமும் இல்லை. தவிர, வன்னியம்பட்டியில் இருந்து ஒன்றை அமுக்கலாம், சேத்தூரில் மடை அடைக்க முடியாது. இதை நேற்றுக் காலையில் நினைத்துக்கொண்டே இருந்தேன், பிறகு நீ வாங்கிக் கொடுத்த செருப்பை டப்பாவிலிருந்து எடுத்துப் போய் மோட்டார் ரூம் வாசலில் வைத்துவிட்டு வந்தேன். புரட்டாசி வெயில் உனக்குத் தெரியாததல்ல. இன்று பதினொன்றரைக்குப் போன் அடித்தது, மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது என்றது. செத்த நேரம் விட்டுப் போனேன். தண்ணீர் மேற்கு மூலை வரை போய்விட்டது. செருப்பு வாசலில் ஜோடியாகத்தான் இருந்தது, ஆனால் நான் வைத்த பக்கம் பார்த்து இல்லை, பாதம் படுகிற இடத்தில் ஈரச் சேறு. ஆகவே நம்பரை எடுக்க வேண்டாம். நீ லீவில் வா, ஆனால் பதினொன்றரைக்குத் தோட்டத்துப் பக்கம் போகாதே, அவள் வேலையாக இருப்பாள். சேற்றை நான் கழுவவில்லை. நாளைக்கும் போட்டுக்கொள்ள வேண்டியதுதானே.