நாற்பத்தேழாம் இலக்கக் குப்பி

புழுப் பேராசிரியர் என்றோர் இனம் நம் நாட்டில் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். கலியாண வீட்டுப் பந்தியில் உங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சேமியாப் பாயசம் வந்ததும் வயிற்றில் வளரும் கீரிப்பூச்சியின் நீள அகலங்களைச் சொல்லி, உங்கள் கோப்பையையும் சேர்த்துத் தானே குடித்துவிட்டு எழும்புகிறவர் அவர்தான். ஹட்டன் பஸ் நிலையத்தில் தெரிந்தவர்கள் வணக்கம் சொன்னால் முகத்தைப் பார்க்க மாட்டார். காலில் செருப்பு இருக்கிறதா என்று பார்ப்பார். கொட்டகலைப் பாடசாலைப் பரிசளிப்பு விழாவுக்குப் பிரதம விருந்தினராக வந்து, பரிசு வாங்கிய பிள்ளைகளின் நகத்தைத் திருப்பிப் பார்த்தவரும் அவரே.

சந்தேகம் வேண்டாம், கண்ணாடியைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். பெயர் குணரத்தினம். ஊர் யாழ்ப்பாணம், உத்தியோகம் மலைநாட்டில். சேவை இருபத்தாறு ஆண்டு, ஆய்வுக்கட்டுரை அறுபத்திரண்டு.

எங்கள் இனத்தின் சந்தோஷமே தனி. ஆய்வுகூடத்தில் மாணவி ஒருத்தி, "சேர், இந்தப் பிள்ளைக்கு ஒன்றுமில்லை" என்றால் முகம் வாடிவிடும். நுணுக்குக்காட்டி நிறையப் புழு முட்டை தெரிந்தாலோ, "ஆகா, எவ்வளவு அழகான தொற்று!" என்று எல்லோருக்கும் தேநீர் வாங்கிக் கொடுப்போம். இப்படியும் ஒரு பிழைப்பா என்று கேட்கிறீர்களா? இதற்குப் பதவி உயர்வும் உண்டு.

மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு மூன்று ஆண்டுக்கு முன் இப்படித்தான் போனோம். காலைப் பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பெயர் கொடுக்க வந்தவர்களிடம், மலப் பரிசோதனைக்கென்று பிள்ளைக்கு ஒன்றாக இலக்கமிட்ட, மூடிபோட்ட குப்பியும் அதே இலக்கமிட்ட தாள் துண்டும் கொடுத்து, சுகாதாரத்தைப் பற்றி அரைமணி நேரம் முழங்கி, "முடிவைச் சொல்லி அனுப்புகிறேன்" என்று முடித்தேன். மறுநாள் காலையில் குப்பிகளைப் பத்திரிகைத் தாளில் சுற்றி, பிரசாதம் போல இரண்டு கையாலும் நீட்டினார்கள். குப்பி சின்னது என்று ஒருவர் மாமைட் போத்தலில் கொண்டுவந்திருந்தார். அதையும் மறுக்கவில்லை.

பிறகு, ஆய்வுகளுக்கு அனுமதி தரும் ஒழுக்கநெறிக் குழு ஞாபகம் வந்தது. பெயர்கள் வெளியே போகக் கூடாதல்லவா? எந்த இலக்கம் யாருடையது என்று எழுதியிருந்த பட்டியலையே கிழித்து எரித்தேன். இரகசியத்தை அவ்வளவு பத்திரமாகக் காத்ததில், முடிவை யாருக்குச் சொல்வது என்பது எனக்கே தெரியாமல் போயிற்று. நூற்றுப் பன்னிரண்டு குப்பியில் முப்பத்தெட்டில் கொக்கிப்புழு. அதிலும் நாற்பத்தேழாம் இலக்கம் இருக்கிறதே, பார்த்த இடமெல்லாம் முட்டை, அடடா! அதன் படத்தைக் கொழும்பில் காட்டினேன், கைதட்டினார்கள். பாங்கொக்கில் காட்டினேன், எழுந்து நின்று கைதட்டினார்கள். "சேர், பரீட்சைக்கு நாற்பத்தேழு வருமா?" என்று மாணவர்கள் கேட்பார்கள். நான் பேராசிரியர் ஆனதே நாற்பத்தேழால்தான்.

சென்ற தை மாதம் புதுக் குப்பிகளோடு அதே களத்தில் நின்றேன். கொழுந்து பறிக்கும் ஜீவராணி என்ற பெண், பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருந்த ஒரு துண்டை நீட்டினாள்.

"நீங்க குடுத்ததுங்க ஐயா. எங்க சுலக்ஷனாவோடது. சாமி படத்துக்குப் பின்னால வச்சிருந்தேன்."

நாற்பத்தேழு.

தாயின் பின்னால் பன்னிரண்டு வயதுப் பெண் நின்றாள். உதடெல்லாம் வெளுத்திருந்தது.

"மூச்சு வாங்குதுங்க. இஸ்கூலுக்கு ஏறுறப்ப நடுவுல ரெண்டு தரம் ஒக்காந்துருது. இன்னொருக்கா பாத்துச் சொல்றீங்களா?"

"பள்ளிக்கூடத்தில பூச்சிக் குளிசை குடுக்கிறவையெல்லோ?" என்றேன்.

"குடுத்தாங்க. நாந்தாங்க வேணாம்னு எழுதி அனுப்பிட்டேன். பெரிய ஐயா நீங்களே சோதிச்சுட்டுப் போனீங்க, ஏதாச்சும் இருந்தா சொல்லி அனுப்பியிருப்பீங்கல்ல? ஒண்ணுமில்லாத புள்ளைக்கு எதுக்கு மருந்துன்னு நெனச்சேங்க."

அப்போது என் மனத்தில் முதலில் என்ன தோன்றியது தெரியுமா? வெட்கம் என்று எழுத ஆசை. ஆனால் தோன்றியது ஒரு கட்டுரைத் தலைப்பு: மருந்து பெறாத ஒரு நோயாளியின் மூன்றாண்டு அவதானிப்பு. வெட்கம் அடுத்ததாகத்தான் வந்தது. வந்தபின் போகவில்லை.

அன்றே சுலக்ஷனாவைத் தோட்ட ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். இரத்தம் இருக்க வேண்டியதில் பாதிதான் இருந்தது. புழு மாத்திரையும் இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். மறுநாள் பெரட்டில், குலுக்கல் சீட்டு முடிவு வாசிப்பவன் போலக் கையில் தாளோடு நின்று மற்ற முப்பத்தேழு இலக்கங்களையும் கத்தினேன். துண்டோடு வந்தவர்கள் நான்கே பேர். மற்றவர்களை யாரென்று தேடுவது? தோட்டத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் மருந்து கொடுக்க ஏற்பாடு செய்தேன். படிப்பை விட்டுக் கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போய்விட்ட பிள்ளைகளுக்கு அந்த ஏற்பாடு எட்டவில்லை. சுலக்ஷனா இப்போது ஏற்றத்தில் ஒரு தரந்தான் உட்காருகிறாளாம்.

சிரித்தீர்களா? சிரியுங்கள். உங்களிடம் குப்பியும் இல்லை, புழுவும் இல்லை. ஆனால் கடைசியாக யாரிடமோ "சொல்லி அனுப்புகிறேன்" என்று சொல்லிவிட்டு வந்தீர்களே, அவர் இன்னும் உங்கள் பதிலுக்காகக் காத்திருப்பதாகவா நினைக்கிறீர்கள்? இல்லை. ஏதாவது இருந்தால் நீங்கள் சொல்லியிருப்பீர்கள் என்று நம்பி, வந்த மருந்தையும் வேண்டாமென்று எழுதி அனுப்பியிருப்பார்.