‘ஈரச் சப்பாத்து’ குழுவை நான் கலைத்து வைத்த விதம்

கனடாவில் வாழும் அன்பும் மதிப்பும் உள்ள மரியமலர் அக்காவுக்கு,

ஹனோவரிலிருந்து தம்பி இன்னாசித்தம்பி எழுதிக்கொள்வது. மாதாவின் காவலில் இங்கு முழங்காலைத் தவிர எல்லாம் சுகம். போனில் சொன்னால் இடையில் நீங்கள் கதைப்பீர்கள், ஆனபடியால் கடிதம்.

“மகள் வெரோனிக்கா பாமசி மருந்துப் படிப்பை விட்டிட்டு ட்ரம்ஸ் அடிச்சுத் திரியிறாள், அங்கை வரேக்கை அந்தக் குழுவைக் கலைச்சு அனுப்படா” என்று அழுதீர்களே, அது முடிந்தது. உங்கள் கனடா றொக் இசைக்குழு ‘ஈரச் சப்பாத்து’ எட்டு மாதம் சீவித்து, போன ஞாயிறு பின்னேரம் என் கையால் போய்ச் சேர்ந்தது.

ஜெர்மனியில் அவர்களை ஒருவரும் மேடையில் ஏற்றவில்லை. நான் என் செல்வாக்கில், இங்கு வாழும் அல்பேர்ட் அண்ணை சிசிலி அக்கா தம்பதியின் இருபத்தைந்தாவது கலியாண நாளில் ஏற்றினேன். இருநூறு பேர் கொள்ளும் மண்டபத்தில் எண்ணூறு சனம். முதலில் என் வரவேற்புரை, சுருக்கமாக ஐம்பது நிமிடம். பாட்டுத் தொடங்கியதும் எங்கள் வழக்கப்படி குடும்பம் குடும்பமாக மேடையேறிப் படம் எடுத்தார்கள். கிற்றார் அடித்த வெள்ளைப் பெடியன் முப்பத்தொரு குடும்பத்தின் படத்தில் நிற்கிறான். பாடுகிறவன் கண்ணை மூடிக் கத்தும்போது நான் பொன்னாடை போர்த்தினேன், கத்தல் இன்னும் நல்லாய் வந்தது. அந்நேரம் சோறு ஆறுகிறதென்று, கரண்ட் வேலையில் கைதேர்ந்த நான், சூடாக்கும் பெட்டியை அவர்களுடைய வயரிலேயே கொளுவினேன். டப்பென்று எல்லாம் அடங்கியது. பெடியள் கிற்றாரை வைத்துவிட்டு, ஆளுக்கு ஆறு ரோல்ஸ் தின்று, இனி இந்தக் குழு வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள்.

அக்கா, இனி எழுதுவது கலப்பில்லாத உண்மை. உங்கள் மகளுக்குக் கரண்ட் தேவைப்படவில்லை. தனியே ஒன்பது நிமிடம் அடித்தாள். படத்துக்கு நின்ற வரிசை அசையவில்லை. சிசிலி அக்கா கத்தியைத் தூக்கியபடி கேக்கை மறந்தா. சத்தம் கூடிப்போச்சு என்று முறையிட வந்த ஜெர்மன் கிழவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். நானும் பேசாமல் நின்றேன். நான் பேசாமல் நின்று நீங்கள் கண்டதுண்டா?

முடிந்ததும் வியர்வையோடு வந்தாள்.

“மாமா, நான் தோத்துப்போனன். படிக்க வாறன் எண்டு அம்மாட்டைச் சொல்லுங்கோ.”

“ஓம் பிள்ளை” என்றேன்.

ஆகவே முதலாம் திகதி விமான நிலையத்துக்கு வாங்கோ. அத்தானுக்கு என் அன்பு. உங்கள் வீட்டு வாசலை மாதா பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
சொன்னதைச் செய்து முடிக்கும்
இன்னாசித்தம்பி

பி.கு.: விமான நிலையத்துக்கு வரவேண்டாம். தபால்பெட்டி வரை போய், மனம் கேளாமல் திரும்பிவந்து, போகாதை பிள்ளை என்று காலில் விழாத குறையாய்க் கேட்டேன். இனித் தனியே அடிப்பாளாம், மேடை பிடிப்பது நான். ஒரேயொரு நிபந்தனை போட்டாள், வரவேற்புரை கிடையாது. ஒத்துக்கொண்டேன், அக்கா.