பதினெட்டு ஜாக்கெட் அளவுகள்

கம்ப்யூட்டர் படித்தவனிடம் சொந்தக்காரர்கள் உதவி கேட்கக் கூடாது. கேட்டாலும் அவன் செய்யக் கூடாது. இரண்டுமே நடந்ததால், மந்தைவெளியில் என் அக்காவின் தையல் கடை மானம் கப்பலேற இருந்தது.

கடையில் தைக்கும் செல்வியக்கா அளவெடுத்துச் சொல்லச் சொல்ல, அக்கா கம்ப்யூட்டரில் ஏற்றுவாள். மென்பொருள் என் கைவண்ணம் (பெருமை வேறு). ஒவ்வொரு அளவும் ஹார்ட் டிஸ்க்கில் பத்திரமாக எழுதப்பட்ட பிறகுதான் 'சேமித்தாயிற்று' என்று வரும். பழைய கம்ப்யூட்டர், மெதுவாகத்தான் எழுதும்.

"இன்னா தம்பி, உன் பொட்டி சுத்திக்கினே கீது. நான் டேப்பைப் புடிச்சிக்கினு நிக்கறேன்," என்றார் செல்வியக்கா.

ரோஷம் வந்துவிட்டது. 'முதலில் சேமித்தாயிற்று என்று சொல்லிவிடு, கடை மூடும்போது மொத்தமாக எழுதிக்கொள்' என்று மாற்றினேன். பறந்தது. அந்தத் தலைக்கனத்தில், "அளவு ஜாக்கெட்டெல்லாம் இனி வாங்கி வைக்காதேக்கா, இடத்தை அடைக்குது" என்று அறிவுரை வேறு.

மறுநாள் காலை வடபழனியிலிருந்து ஒரு கல்யாண கோஷ்டி. பதினெட்டுப் பெண்கள், ஆறு நாளில் முகூர்த்தம், அக்காவுக்கு முதல் பெரிய ஆர்டர். எல்லோரையும் நிற்கவைத்து அளவெடுத்து ஏற்றிவிட்டு, அவர்கள் கொண்டுவந்த அளவு ஜாக்கெட்டுகளைக் கௌரவமாகத் திருப்பிக் கொடுத்து அனுப்பினோம். பிறகு செல்வியக்கா இஸ்திரிப் பெட்டியைப் போட்டார். ஃபியூஸ் போனது. கம்ப்யூட்டர் மறுபடி உயிர்த்தபோது பதினெட்டில் ஒருவர்கூட அதில் இல்லை.

"சேமிச்சாச்சுன்னு காட்டிச்சேடா," என்றாள் அக்கா. அழப்போகிறாள் என்று தெரிந்தது.

"காட்டும்க்கா. ஆனா எழுதலை."

"எழுதாம எதுக்குடா காட்டணும்?"

(அலுவலகத்தில் யாராவது கேட்டிருந்தால் அரைமணி நேரம் விளக்கியிருப்பேன்.) திருப்பி அனுப்பிய அளவு ஜாக்கெட்டுகளை வாங்கிவரக் கட்டைப்பையோடு வடபழனிக்குப் பஸ் ஏறினேன்.

கதவைத் திறந்தது பெண்ணின் அம்மா. உள்ளே மாப்பிள்ளை வீட்டார் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். விஷயத்தை மென்று விழுங்கிச் சொன்னேன்.

"காலையிலதானப்பா மணிக்கணக்கா நின்னோம்?" என்றவர் உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். "ஏண்டி, இந்தத் தம்பிக்கு ஆளுக்கொரு ஜாக்கெட் வேணுமாம்."

மாப்பிள்ளையின் அப்பா டம்ளரைக் கீழே வைத்து என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்த நிமிடம் பூமி பிளந்திருந்தால் நன்றி சொல்லிவிட்டு இறங்கியிருப்பேன்.

ஜாக்கெட்டுகள் நேரத்துக்குத் தயாராகின. கடையும் பிழைத்தது. என் பெயர்தான் பிழைக்கவில்லை. இன்றும் வெளியே கிளம்பும்போது "கேஸை மூடிட்டேன்" என்று நான் சொன்னால், என் மனைவி அடுப்படிக்குப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் செருப்பை மாட்டுகிறாள். கல்யாணமான வாரமே அக்கா அவளிடம் சொல்லி வைத்திருக்கிறாள்: "இவன் ஆச்சுன்னு சொன்னா, இன்னும் ஆரம்பிக்கலைன்னு வச்சுக்கோ."