பவழமல்லி நின்ற இடத்தில் கார்

கரமனை,
திருவனந்தபுரம்.

மரியாதைக்குரிய தாணுமாலயன் அத்தானுக்கு, நீலகண்டன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் க்ஷேமம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. அவ்விடம் அக்காவின் முழங்கால் வலியும், ஐந்து நாளாக உங்கள் வீட்டில் இருக்கும் உங்கள் தங்கையின் கோபமும் எந்த அளவில் உள்ளன என்று தெரிவிக்கவும்.

பிச்சம்மாள் தன் பக்கத்தைச் சொல்லியிருப்பாள். என் பக்கம் இது. மகன் ராகேஷ் கார் வாங்கினான். எங்கள் தெருவில் கார் நின்றால் ஆட்டோகூட நுழையாது; பக்கத்து வீட்டு பிந்து டீச்சர் தினமும் காலையில் ஜன்னலைத் திறந்து, "சாரே, அந்த வண்டி ஒண்ணு மாத்தணும் கேட்டோ" என்பார்; ஓட்டத் தெரியாத நான் வண்டியைப் பார்த்தபடி நிற்பேன். ஆகவே முன்தோட்டத்தைக் கார் நிற்கும் இடமாக்குவதென்று முடிவானது. சிமெண்ட் போட்டால் மழைத்தண்ணீர் முழுவதும் டீச்சர் வீட்டுக்குள் போகும், நம் கிணறும் வற்றும் என்பதால், தண்ணீர் இறங்கும் கல் பதிக்க மார்த்தாண்டம் நேசமணி மேஸ்திரியைப் பிடித்தேன். "கீழே கருங்கல் சல்லி, மேலே ஓட்டைக் கல்லு, எடைவெளியிலே புல்லு. ஒரு சொட்டு நிக்காது சாரே" என்றார். பிச்சம்மாள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "என் பவழமல்லியைத் தொடப்பிடாது." சத்தியம் செய்து கொடுத்தேன்.

முதல் நாள் தோண்டியதில் குடிநீர்க் குழாய் உடைந்து, தெருவே குடத்தோடு வந்து என்னைப் பார்த்தது. மறுநாள் லாரிக்காரர் எங்கள் சல்லியை டீச்சர் வீட்டு கேட்டில் கொட்டிவிட்டுப் போக, பரீட்சை டியூட்டிக்குப் புறப்பட்ட டீச்சர் குடையை ஊன்றிக் குவியல்மேல் ஏறி, உச்சியில் நின்று என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு இறங்கிப் போனார். மூன்றாம் நாள் மண் அள்ளும் இயந்திரம் திரும்ப இடமில்லாமல் பின்னால் வந்தது. நான் "நிறுத்து, நிறுத்து" என்று கத்துவதற்குள் பத்தொன்பது வருஷத்துப் பவழமல்லி வேரோடு சாய்ந்துவிட்டது. பிச்சம்மாள் வெளியே வந்தாள், பார்த்தாள், உள்ளே போனாள். இரண்டு சேலையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நாகர்கோவில் பஸ் ஏறிவிட்டாள்.

கல் பதித்தாயிற்று. கார் உள்ளே போனது. இரண்டு பக்கமும் சுவர் இடித்ததில் கதவுதான் ஒரு சாண்கூடத் திறக்கவில்லை. ராகேஷ் டிக்கி வழியாகத் தவழ்ந்து வெளியே வந்தான். நேற்று சாயங்காலம் ஐப்பசி மாசத்துத் துலாமழை கொட்டியது. நேசமணி சொன்னது பொய்யில்லை அத்தான், ஒரு சொட்டு நிக்கலை! குடையைப் பிடிச்சுக்கிட்டு ஒரு மணி நேரம் நின்னு பாத்தேன். "ஏட்டீ பிச்சம்மா, இங்கே வந்து பாரேன்"னு உள்ளே பார்த்துக் கூப்பிட்டும்விட்டேன். பதில் வராதபோதுதான் நினைவு வந்தது. போன் செய்து சொன்னேன். "தண்ணி எறங்குதா? எறங்கட்டும். நான் பஸ் ஏறமாட்டேன்" என்று வைத்துவிட்டாள்.

ராகேஷ் கடையில் சாப்பிட்டுவிட்டு வருகிறான். நான் வைத்த ரசத்தை என்னாலேயே குடிக்க முடியவில்லை. ஏழு மணிக்கு மேல் வீட்டில் பேச ஆளில்லை. எப்படியாவது நல்ல வார்த்தை சொல்லி, ஞாயிற்றுக்கிழமைக்குள் அவளை அனுப்பிவையுங்கள். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன்.

அக்காவுக்கு என் நமஸ்காரம். பிள்ளைகள் தீர்க்காயுசாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் பாவப்பட்ட மைத்துனன்
நீலகண்டன்

பி.கு.: கடிதத்தை ஒட்டும்போது ராகேஷ் வந்தான். ஆபீஸில் அவனைக் கொச்சிக்கு மாற்றிவிட்டார்களாம். திங்கட்கிழமை காரையும் கொண்டுபோகிறான். ஆகவே மேலே கேட்டதைத் தள்ளிவிட்டு, தயவுசெய்து பிச்சம்மாளை அனுப்பாதீர்கள். மரமும் இல்லாமல் காரும் இல்லாமல் கிடக்கும் வாசலை அவளிடம் காட்ட எனக்கு ஒரு மாசமாவது அவகாசம் வேண்டும்.