கோர்ட்டுக்கு நாற்காலி கொண்டுவந்த தண்டல்

பட்ஜெட்டில் கோர்ட்டுக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள் என்று கேட்டு ஒரு பத்திரிகைக்காரனுக்கு ஃபோன் செய்த மனிதர் இந்த நாட்டிலேயே தண்டல் ஒருவராகத்தான் இருக்க முடியும். மற்றவர்கள் தங்கத்துக்கு வரி குறைந்ததா, சிகரெட் விலை ஏறுமா என்று கேட்பார்கள். தூத்துக்குடியில் நெடுங்காலமாகக் கோர்ட் செய்தி எழுதுகிறேன். நீதிபதிகள்கூட என்னிடம் அதைக் கேட்டதில்லை.

தண்டல் என்றதும் சென்னை வாசகர்கள் வட்டிக்காரரை நினைத்துக்கொள்ள வேண்டாம். பழைய துறைமுகத்திலிருந்து மாலத்தீவுக்கு வெங்காயமும் செங்கலும் ஏற்றிப்போகும் மரத் தோணிகளின் தலைவனுக்கு எங்கள் ஊரில் அந்தப் பேர். ஊரில் தண்டல்கள் பலர் உண்டு. கோர்ட் வளாகத்தில் ஒருவர்தான். ஞானஸ்நானத்தில் வைத்த அவருடைய முழுப்பேர் வழக்குக் கட்டில் இருந்தது. அதைக் கூப்பிடும் டவாலி நடுவில் ஒருமுறை மூச்சு வாங்கிக்கொள்வார்.

வழக்கு, தோணியைப் பற்றியது. அவருடைய அப்பாவும் மாமனாரும் சேர்ந்து கட்டிய அது, அவருக்கும் அவருடைய மனைவியின் தம்பிக்கும் பொது. யார் பேரில் ஓடுவது என்று இருவருக்கும் தகராறு வந்து, பேச்சு நின்று, கோர்ட்டுக்கு வந்தார்கள். முடிவு தெரியும்வரை தோணியைக் கட்டிய இடத்திலிருந்து யாரும் நகர்த்தக் கூடாது என்று இடைக்கால உத்தரவு. கடலில் ஓடாத தோணி சும்மா இருப்பதில்லை. மேல்பலகை வெயிலில் வாய் பிளக்கும், அடிப்பலகை நீர் குடிக்கும். தண்டல் காலையில் போய்த் தண்ணீர் இறைத்துவிட்டு ஈரக்காலோடு கோர்ட்டுக்கு வருவார். அவர் வழக்கமாக நிற்கும் தூணடியில் உப்பு விளைந்தது என்று வக்கீல்கள் சொல்வார்கள். நான் பார்த்தவரை அது சுண்ணாம்பு.

இந்த நிலையில்தான் ஊருக்குக் கூடுதலாக ஒரு கோர்ட் அறிவித்தார்கள். தண்டலின் வழக்கு உட்பட ஒரு கட்டு வழக்குகள் அங்கே மாற்றப்பட்டன. அறை தயார். வாசலில் பெயர்ப்பலகை தயார். உள்ளே நீதிபதி இல்லை, தட்டச்சர் இல்லை, உட்கார ஒரு முக்காலி இல்லை. கட்டடத்துக்குப் பணம் ஒரு கணக்கில் வந்துவிட்டது. ஆட்களுக்கும் சாமான்களுக்கும் உள்ள பணம் வேறு கணக்கு, அடுத்த நிதியாண்டில்தான் வரும். அவசர மனு போட்டால் பழைய கோர்ட், கட்டு எங்களிடம் இல்லை என்றது. புதிய கோர்ட் எதுவும் சொல்லவில்லை. பூட்டியிருந்தது.

தண்டல் என்னை டீக்கடையில் பிடித்தார்.

“தம்பி, நீங்க பேப்பர்காரரு. ஒரு சேதி சொல்லுங்க. கோர்ட்டுக்கு யாரு சோறு போடுதா?”

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். டெல்லியில் உள்ள பெரிய கோர்ட்டுக்கு மத்திய பட்ஜெட்டிலிருந்து. மாநிலத்து ஹைகோர்ட்டுக்கும் நம் ஊர் கோர்ட்டுகளுக்கும் மாநில பட்ஜெட்டிலிருந்து. கட்டடங்களுக்கு மட்டும் இரண்டு அரசும் பங்கு போடுவது உண்டு. ஒவ்வோர் ஆண்டும் ஊர் ஊராக என்ன வேண்டும் என்று எழுதுவார்கள், அது ஹைகோர்ட் வழியாகச் சென்னைக்குப் போகும், நிதித் துறை அதில் வெட்டும், மிஞ்சியதைச் சட்டசபை ஓட்டுப் போட்டுத் தரும். ஆண்டு முடிவதற்குள் செலவழிக்காததை மார்ச் கடைசியில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

தண்டல் டீயை ஆறவிட்டுக் கேட்டார். ஓட்டை விழுந்த தோணிக்குப் பலகை வாங்கச் சென்னைக்கு எழுதிப் போட்டுவிட்டு நடுக்கடலில் காத்திருப்பதா என்பது அவருடைய முதல் சந்தேகம். இரண்டாவது சந்தேகத்தை அவர் என்னிடம் கேட்கவில்லை. செயலில் காட்டினார்.

அவருடைய கடற்கரைத் தெருவில் கோயில் திருவிழாவுக்கு யாரும் சென்னைக்கு எழுதிப் போடுவதில்லை. ஒவ்வொரு நாள் செலவையும் ஒரு குடும்பம் ஏற்றுக்கொள்ளும். பேரை மைக்கில் வாசிப்பார்கள். தண்டல் இந்த ஏற்பாட்டை அப்படியே கோர்ட்டுக்கு மாற்றினார். திங்கட்கிழமை கோர்ட்டை ஐஸ் ஃபேக்டரிக்காரர் ஏற்றுக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். செவ்வாய்க்கு ஓர் உப்பு வியாபாரி. புதன்கிழமைக்கு ஆள் கிடைக்காததால் தானே எடுத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமையை ஒரு சாராய வழக்கு ஆசாமி கேட்டாராம். அவருக்கு அதே நாளில் வாய்தா இருந்ததால் தண்டல் மறுத்துவிட்டார். நேர்மையில் அவர் அவ்வளவு கறார்.

ஒரு காலையில் கோர்ட் வாசலில் ஒரு குட்டியானை வண்டி வந்து நின்றது. அதில் பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மேசை, பெட்டி பிரிக்காத ஒரு மின்விசிறி. நாற்காலிகளின் முதுகில் திருவிழாக் கமிட்டியின் பேர் சிவப்பு பெயின்ட்டில் இருந்தது. கோர்ட்டின் சாமான்களுக்குப் பொறுப்பான நாசர் ஓடிவந்தார். கோர்ட் இனாமாக ஒரு குண்டூசிகூட வாங்கக் கூடாது, அதிலும் வழக்காடுகிறவரிடம் வாங்கினால் தன் வேலை போய்விடும் என்று மன்றாடினார். தண்டல் அதற்கும் வழி வைத்திருந்தார். எதிர்க்கட்சியான தன் மச்சான் பேரிலும் பாதி நாற்காலிகளை எழுதிக்கொள்ளலாம் என்றார்.

சத்தம் கேட்டுப் பழைய கோர்ட்டின் நீதிபதியம்மா இருவரையும் அறைக்கு அழைத்தார். நானும் ஓரமாகப் போய் நின்றேன்.

“கோபப்படப்பிடாதும்மா” என்று தொடங்கினார் தண்டல். “இங்கன வார கேஸுல பாதி சர்க்காரு கேஸுல்லா. சர்க்காரு நாற்காலி போடலாம், நான் போடப்பிடாதா?”

நீதிபதியம்மா கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“நியாயமான கேள்வி. அதனாலதான் அரசாங்கம் இஷ்டப்பட்டாத் தரலாம்னு விடல. சபையில வச்சு, ஓட்டுப் போட்டுத் தரணும். அது அரசாங்கத்தோட வீட்டுப் பணம் இல்ல. நீங்க டீசல் போடும்போது, சோப்பு வாங்கும்போது குடுத்த பணம். உங்க நாற்காலிய நீங்க எப்பவோ குடுத்துட்டீங்க.”

தண்டல் யோசித்தார். “அப்ப அது எங்க?”

“வந்துக்கிட்டு இருக்கு.”

“எந்தத் துறையில நிக்கு?”

“நிதித் துறையில” என்றார் நீதிபதியம்மா.

குட்டியானை திரும்பிப் போனது. பிரச்சினை முடிந்தது என்று நாசர் நினைத்தார். உண்மையில் தொடங்கியதே அன்றைக்குத்தான். கோர்ட்டில் தனக்குப் பங்கு இருக்கிறது என்று ஒரு நீதிபதியே சொல்லிவிட்டதாகத் தண்டல் எடுத்துக்கொண்டார். மறுநாளிலிருந்து பங்குதாரராக வந்தார்.

ஆளில்லாத வராந்தாவில் ஓடும் மின்விசிறிகளை அணைத்தார். ஆளிருந்த சிலவற்றையும் அணைத்தார். சொட்டிய குழாய்க்குத் துணி சுற்றினார். காவலுக்கு வந்த போலீஸ்காரர் சுவரில் சொருகியிருந்த ஃபோன் சார்ஜரைப் பிடுங்கி, மடித்து, அவர் கையிலேயே கொடுத்தார். வாய்தா வாங்கிக்கொண்டு வெளியே வரும் வக்கீல்களை வாசலில் நிறுத்தி விசாரித்தார்.

“வக்கீலய்யா, இன்னைக்கு எதுக்கு வாய்தா கேட்டிய?”

“உடம்பு சரியில்ல, அண்ணாச்சி.”

“கேன்டீன்ல ரெண்டு புரோட்டா சாப்பிட்டியளே. எங்க காசுல கரண்டு ஓடுது, பாத்துக்கிடுங்க.”

அந்த வக்கீல் ஒரு வாரம் பின்வாசல் வழியாகப் போய்வந்தார். அந்தக் காலாண்டில் மின்கட்டணம் குறைந்ததா என்று நாசரைக் கேட்டேன். குறைந்தால் அடுத்த ஆண்டு அந்தத் தலைப்பில் பணத்தை வெட்டிவிடுவார்கள், தயவுசெய்து எழுதிவிடாதீர்கள் என்றார்.

பிப்ரவரியில் தண்டல் என்னைப் பழைய துறைமுகத்துக்குக் கூட்டிப்போனார். தோணியின் உள்பக்கம் ஒரு பலகையில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். விரல் பாதிவரை உள்ளே போயிற்று. ஜூன் காற்று தொடங்குவதற்கு முன்னால் கரையேற்றிப் பலகை மாற்றாவிட்டால், கட்டிய இடத்திலேயே உட்கார்ந்துவிடும் என்று ஓடாவி, அதாவது தோணித் தச்சர், சொல்லிவிட்டார். கரையேற்ற வேண்டுமானால் நகர்த்த வேண்டும். நகர்த்த உத்தரவு வேண்டும். உத்தரவு போட ஒரு கோர்ட் வேண்டும்.

“அப்பா காலத்துத் தோணி, தம்பி” என்றார். விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு தண்ணீர் இறைக்கப் போனார்.

மாநில பட்ஜெட் வாசித்த அன்றுதான் அந்த ஃபோன் வந்தது. நீதித்துறைக்கு ஒரு பெரிய தொகை என்றேன். தூத்துக்குடிக்கு எத்தனை நாற்காலி என்று கேட்டார். அப்படியெல்லாம் பிரித்துப் போட மாட்டார்கள் என்றேன். சரி, அரசு செலவழிக்கும் ஒரு ரூபாயில் கோர்ட்டுக்கு எவ்வளவு என்றார். சில்லறையில் தேட வேண்டியிருக்கும் என்றேன்.



“அப்ப தோணியில சோறு பொங்குதவன் பங்குகூட இல்ல” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

ஆனாலும் சில்லறை வந்து சேர்ந்தது. ஏப்ரல் பிறந்து ஆட்கள் வந்தார்கள். நாற்காலிகள் வந்த அன்று தண்டல் ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்து, ஒன்றைத் திருப்பி அனுப்பச் சொன்னார். நாசர் திருப்பி அனுப்பினார். அதில் உண்மையாகவே ஒரு கால் குட்டை. புதிதாக வந்த இளம் நீதிபதி முதல் வாரத்திலேயே தோணி வழக்கை எடுத்தார்.

மச்சான் தரப்பு வக்கீல் எழுந்து, கட்டைப் படிக்க நேரம் வேண்டும், ஜூன் கடைசிக்கு வாய்தா போடலாம் என்றார். அறையில் இருந்த எல்லோரும் தண்டலைத் திரும்பிப் பார்த்தோம். அவர் எழுந்திருக்கவில்லை. அவரை அப்படி நான் பார்த்ததில்லை.

எழுந்தவர் மச்சான்.

“அய்யா, வாய்தா வேண்டாம். தோணி தாங்காது.”

அவருடைய வக்கீலே திகைத்துவிட்டார். தோணி தாங்காது என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்று நீதிபதி கேட்டார்.

“அத்தான் இங்கன ஃபேனை அமத்திக்கிட்டு நிப்பாரு. அந்நேரம் நாந்தான் போயி தண்ணி எறைப்பேன்.”

தண்டல் திரும்பி மச்சானைப் பார்த்தார். “நீயாலே” என்றார். இத்தனை மாதங்களில் மச்சானிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அது. கோர்ட்டுக்குள் பேசக் கூடாது என்று டவாலி சொன்னார், மெதுவாக.

நீதிபதி பழைய உத்தரவைத் திருத்தினார். இருவரும் சேர்ந்து தோணியைக் கரையேற்றிப் பழுது பார்க்கலாம், பருவம் பிறந்ததும் ஓட்டலாம், வழக்கு முடியும்வரை வரும் கூலியை மட்டும் கோர்ட்டில் கட்ட வேண்டும். தண்டலுக்கு ஒரு சந்தேகம். எழுந்து கைகட்டிக் கேட்டார்.

“நாற்காலிய வாங்கப்பிடாதுன்னாங்க. துட்டு மட்டும் வாங்கலாமாய்யா?”

“வாங்கல. வச்சிருப்போம்” என்றார் நீதிபதி.

“பத்திரமா வைங்க” என்றார் தண்டல்.

செப்டம்பரில் தோணி புறப்பட்டது. புதுப்பலகைகள் பழைய பலகைகளுக்கு நடுவே வெளுப்பாகத் தெரிந்தன. தண்டல் பின்னால் சுக்கான் பக்கம் நின்றார். மச்சான் சரக்கைக் கட்டியிருந்த கயிறுகளை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டிய விதம் சரியில்லை என்று தண்டல் சொல்ல, மச்சான் பதிலுக்கு ஏதோ சொல்ல, இரண்டு பேரும் உரக்கச் சண்டை போட்டுக்கொண்டே போனார்கள். அலைதடுப்புச் சுவரைத் தாண்டும்வரை சத்தம் கேட்டது.

பிறகும் கொஞ்ச நேரம் நின்றேன். அன்றைக்குக் கோர்ட்டில் வேறொரு வழக்கில் ஊரே எதிர்பார்த்த ஒரு தீர்ப்பு இருந்தது. மறுநாள் அந்தச் செய்தி எங்கள் பத்திரிகையில் மட்டும் வரவில்லை.